கிணற்றைப் பார்த்த வீடு

வணக்கம். மனை வாங்கியதும் நாம் முதலில் செய்வது மரத்தை வெட்டுவது. வீடு எழும்பியபின் மிச்ச இடத்தில் நாலு தொட்டி வைக்கிறோம். மரத்தைப் பார்த்துவிட்டு வீட்டை வரையுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிவருகிறேன். இன்றும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

லண்டனின் தென்கிழக்குப் பகுதியான பெக்ஸ்லிஹீத்தில் 'ரெட் ஹவுஸ்' என்றொரு செங்கல் வீடு. 1859-ல் வில்லியம் மாரிஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் தனக்காகக் கட்டத் தொடங்கியது. வரைந்தவர் அவருடைய நண்பர், கட்டடக்கலைஞர் பிலிப் வெப். தனியாகத் தொழில் தொடங்கி அவர் வரைந்த முதல் வீடு. இயந்திரப் பொருளைவிடக் கைவேலையைப் போற்றிய கலை-கைவினை இயக்கத்தின் வேர் இங்கேதான் என்பார்கள்.

இடம் ஒரு பழத்தோட்டம். மரங்களை முடிந்தவரை காப்பாற்றி, அவற்றுக்கு நடுவே வீட்டை நுழைத்தார்கள். ஜன்னல் திறந்திருந்த இரவுகளில் ஆப்பிள்கள் அறைக்குள் விழுந்ததாம்! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. மரத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு நெருக்கம் இருந்திருந்தால் அப்படி விழும்? சுவரில் எந்தக் கொடி ஏற வேண்டும், மல்லிகையா ரோஜாவா என்பதைக்கூட வெப் வரைபடத்திலேயே குறித்திருந்தார்.

சரி, முற்றத்துக்கு வருகிறேன். நான்கு பக்கமும் அடைத்த முற்றத்தை நினைக்காதீர்கள். 'ட' என்ற எழுத்தை மனதில் எழுதிப் பாருங்கள். வீடு அந்த வடிவம். அதன் மடியில் தோட்டம், நடுவே கூம்புபோல் ஓட்டுக்கூரை போட்ட கிணறு. நடைவழிகள் முற்றத்துப் பக்கம் ஓடுவதால் முக்கிய அறைகள் வெயில் படாத வடக்கே தள்ளப்பட்டு, குளிர்காலத்தில் விறைத்தன. அது குறைதான். ஆனால் அறைக்கு அறை நடக்கும்போதெல்லாம் தோட்டம் கண்ணில் படும். ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கிறோம், யோசியுங்கள்.

'ட'வின் திறந்த பக்கத்தில் மாரிஸின் நண்பரான ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் குடும்பத்துக்கு இன்னொரு பகுதி கட்டத் திட்டம். இரண்டு குடும்பம், ஒரே முற்றம். 1864-ல் நண்பரின் மனைவிக்குக் கடும் காய்ச்சல், பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மாரிஸும் படுக்கையில். திட்டம் நின்றது. 1865-ல் வீட்டை விட்டுப் போன மாரிஸ் திரும்பி வரவே இல்லை; பார்த்தால் தாங்காது என்றாராம்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளான சுவர்த்தாள் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். அந்தத் தோட்டத்து ரோஜாப் பந்தலைப் பார்த்துத்தான் மாரிஸ் 1862-ல் தன் முதல் சுவர்த்தாளை வரைந்தார். அதிலுள்ள பறவைகளை மட்டும் வெப் வரைந்துகொடுத்தார். வீடு 2003 முதல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். வணக்கம்.