மூன்றாம் தரத்து அழிறப்பர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்புச் சபையோரே, வணக்கம்.

கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு விசுவாசத்தைத் தருவது பாடப்புத்தகமா, பாடசாலைப் பழக்கமா என்பது இன்றைய கேள்வி. பழக்கமே என்று வாதாட வந்திருக்கிறேன். பொருள் தெரியாமல் சொல்லும் செபம் கிளிப்பிள்ளைப் பேச்சு என்றும், மறைக்கல்விப் புத்தகம் இல்லாத இடத்தில் மிஞ்சுவது வெறும் சடங்கு என்றும் எதிரணித் தலைவர் அழகாகச் சொன்னார். அவருடைய தமிழுக்கு நான் கைதட்டினேன், வாதத்துக்குத் தட்டவில்லை.

என் தரப்பின் முதற் சாட்சி நானே, அதுவும் குற்றவாளியாக. வாவிக்கரையை ஒட்டிய ஒரு பாடசாலையில் மூன்றாம் தரம் படித்தபோது, பக்கத்தில் இருந்தவளின் அழிறப்பரை எடுத்துவிட்டேன். பச்சையும் வெள்ளையுமாய், மோந்தால் பழவாசம் வரும் அழிறப்பர். அந்த வாரமே தவணைப் பரீட்சை. கத்தோலிக்க பாட வினாத்தாளில் பத்துக் கட்டளைகளையும் வரிசையாக எழுதச் சொல்லியிருந்தார்கள். ஏழாம் கட்டளையான ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்பதில் ளகரத்துக்குப் பதிலாக லகரம் போட்டுவிட்டேன். உடனே பெட்டியைத் திறந்து, எடுத்து வைத்திருந்த அதே அழிறப்பரால் அழித்துத் திருத்தினேன். முழுப் புள்ளியும் கிடைத்தது. புத்தகம் தன் வேலையைக் குறைவின்றிச் செய்திருந்தது, நடுவர் அவர்களே. பெட்டிக்குள் இருந்த களவு மட்டும் அதன் கண்ணில் படவில்லை.

அதைப் பிடித்தது ஒரு பழைய பிஸ்கட் தகரம். எங்கள் வகுப்புச் சிஸ்டரின் மேசையில் அது இருக்கும். வகுப்பில் எவர் எதைக் கண்டெடுத்தாலும் அதற்குள் போட வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, “இது ஆருடையது?” என்று கேட்பார். ஆர் போட்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகள் உரியவள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் அமர்ந்தாள். மூன்றாம் வெள்ளி காலையில், வகுப்புக்கு ஒருவரும் வருமுன்னர் நான் போய்ப் போட்டுவிட்டேன். தகரத்தின் அடியில் அது ‘டொக்’ என்று விழுந்த சத்தம் பாடசாலை முழுவதும் கேட்டிருக்கும் என்றே நடுங்கினேன். பிற்பகலில் சிஸ்டர் அதைத் தூக்கிக் காட்டினார், பாதி தேய்ந்திருந்ததை ஒரு கணம் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கோயிலில் குருவான சுவாமியின் முன் முழந்தாளிட்டு, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம் செய்தது அதற்குப் பிறகுதான். என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்கு அப்போது தெரிந்திருந்தது.

இது ஒரு பிள்ளையின் கதை என்று எதிரணி தள்ளிவிடலாம். அப்படியானால் திருச்சபையையே கேட்போம். முற்காலத்தில் பல நாடுகளில் முதல் நன்மைக்காக, அதாவது பூசையில் முதன்முறை நற்கருணை அப்பம் பெறுவதற்காக, பிள்ளைகளைப் பத்து, பன்னிரண்டு வயது வரையும் அதற்கு மேலும் காக்க வைத்தார்கள். முதலில் படித்து முடிக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். 1910 ஆம் ஆண்டில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதரின் காலத்தில் வெளியான ஆணை அந்த வழக்கத்தை மாற்றியது. ஏறத்தாழ ஏழு வயது போதும், மறைக்கல்வியை முழுமையாக அறிந்திருக்கத் தேவையில்லை, நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறிந்தாற் போதும் என்றது. பின்னர் படிப்படியாகக் கற்க வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ‘பின்னர்’ என்ற சொல்லைத்தான் எதிரணி கவனிக்க வேண்டும் என்கிறேன். அந்த வேறுபாட்டை ஏழு வயதுப் பிள்ளை எப்படி அறிகிறது? வரிசையாகப் போகும் வகுப்பின் இரைச்சல் கோயில் வாசலில் தானாக அடங்குவதிலிருந்தும், நாள் முழுவதும் எங்களை அதட்டும் சிஸ்டரே அங்கே முழந்தாளிடுவதிலிருந்தும் அறிகிறது. 1965 இல், உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையும், நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் நிறைந்த ஒரு சூழலை உருவாக்குவதையே கத்தோலிக்கப் பாடசாலையின் தனிப்பணியாகக் குறிப்பிடுகிறது.

கிளிப்பிள்ளைக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. என் அம்மம்மா கடைசிவரை ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று பழைய செபத்தையே சொன்னார். அதிலுள்ள ‘பிரியதத்தம்’ என்ற சொல்லுக்கு அருள் என்று பொருள் என்பது, நானே பிள்ளை பெற்ற பின்னர்தான் எனக்கு விளங்கியது. ஆனாலும் கரண்ட் இல்லாத இரவுகளில் விளக்கைச் சுற்றி இருந்து அதைச் சொன்ன வீட்டில், விளங்காத ஒரு சொல் எங்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குப் பாடசாலையில் மூவேளைச் செப மணி அடிக்கும்போதும் அப்படித்தான். எழுதிக்கொண்டிருக்கும் எழுத்துப் பாதியில் நின்றாலும் பென்சிலை வைத்துவிட்டு எழும்ப வேண்டும். செபம் முடிந்து அமர்ந்து அந்த அரை எழுத்தைத் தேடிப் பிடித்து முடிப்போம். கணக்குப் பிழைகள் சில அந்த இடைவெளியிலேயே கண்ணில் பட்டதும் உண்டு.

இன்னொன்றை எதிரணி தொடவே இல்லை. அரசின் உதவிப்பணம் பெற்றுச் சமய அமைப்புகள் நடத்திய பாடசாலைகளை இலங்கை அரசு பொறுப்பேற்ற 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னர், கத்தோலிக்கப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரச பாடசாலைகளாயின. புனிதரின் பெயரும் மாதா கெபியும் பல இடங்களில் நிலைத்தன. வாங்கில் கத்தோலிக்கப் பிள்ளையும் சைவப் பிள்ளையும் அருகருகே அமர்ந்தார்கள். சமயபாட வேளை வந்தால் மட்டும் புத்தகத்தின்படி வகுப்பு இரண்டாகப் பிரியும். அழிறப்பருக்கு உரியவளும் அப்படிச் சைவநெறிப் புத்தகத்தோடு அடுத்த அறைக்குப் போனவள்தான். நான் ஏழாம் கட்டளையை அவளுடைய அழிறப்பரால் திருத்திக்கொண்டிருந்த வேளையில், அவள் தன் விடைத்தாளில் பிழைத்த சொல்லை விரலில் எச்சில் தொட்டு அழித்து, தாளில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாளாம். பல வருடங்களுக்குப் பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள். எங்கள் இருவருக்கும் வேறு வேறு புத்தகங்கள் இருந்தன, நடுவர் அவர்களே. தகரம் ஒன்றுதான் இருந்தது. அவளுடைய பொருள் அவளிடம் திரும்பிப் போனதும் அந்தத்

மணி அடித்துவிட்டது. வசனம் பாதியில் நிற்கிறது, நானும் நிற்கிறேன். நன்றி.