'சின்ன வயதில்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

[திரையில்: கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதிய ஒரு வரி]

வணக்கம். மியான்மரின் யாங்கோன் நகரில் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வரும் ஒரு மாணவர், ஹோட்டல் வேலைக்காக எழுதிய விண்ணப்பத்தின் முதல் வரி இது: "ஐ ஆம் லிவிங் இன் யாங்கோன் ஃப்ரம் மை ஸ்மால் ஏஜ்." பொருள் விளங்குகிறது என்றாலும், ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. 'வென் ஐ வாஸ் ஸ்மால்' என்றால் சரி. அங்கே சின்னதாக இருந்தது ஆள். வயதை 'ஸ்மால்' என்று சொல்வதில்லை.

சொல்லை மாற்றிவிட்டால் மட்டும் இந்த வரி திருந்திவிடாது. 'சின்ன வயதில்', 'சின்ன வயதிலேயே', 'சின்ன வயதிலிருந்தே' என்று நாம் விகுதியை மட்டும் மாற்றி மூன்று வேறு செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த மூன்றுக்கும் தனித்தனித் தொடர்கள் வேண்டும். ஓரிடத்தில் வினைச்சொல்லும் மாற வேண்டும்.

[திரையில்: ஒரு கிண்ணம் மொஹிங்கா]

"ஆஸ் எ சைல்ட், ஐ ஏட் மொஹிங்கா எவ்ரி மார்னிங்" என்றால், சின்ன வயதில் தினமும் காலையில் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பில் போட்ட அரிசி நூடுல்ஸ், சாப்பிட்டேன் என்று பொருள். கேட்பவர், இப்போது அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார். இன்று காலையும் தெருமுனைக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர், "ஐ ஹேவ் ஈட்டன் மொஹிங்கா சின்ஸ் சைல்ட்ஹுட்" என்று சொல்ல வேண்டும். 'இருந்தே' என்ற சொல் செய்யும் வேலையை இங்கே 'ஹேவ்', 'சின்ஸ்' இரண்டும் சேர்ந்து செய்கின்றன. பர்மிய மொழியிலும் 'ஙெஙெ தௌன்க' என்றால் சின்ன வயதில், 'ஙெஙெ கதெக' என்றால் சின்ன வயதிலிருந்தே. ஆகவே இந்த வேறுபாடு நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. விண்ணப்பத்தின் வரியும் "ஐ ஹேவ் லிவ்ட் இன் யாங்கோன் சின்ஸ் சைல்ட்ஹுட்" என்று மாறுகிறது.

இனி, 'வயதிலேயே' என்பதில் உள்ள ஏகாரம். பாரதியார் 1882இல் பிறந்தார். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். அந்த ஏகாரத்தில் 'இவ்வளவு சீக்கிரமாகவா' என்ற வருத்தம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வருத்தத்தை 'ஏர்லி' என்ற சொல் தாங்குகிறது: "ஹி லாஸ்ட் ஹிஸ் மதர் அட் ஆன் ஏர்லி ஏஜ்." 'ஏர்லி இன் லைஃப்' என்றும் சொல்லலாம், ஆனால் அது முழு ஆயுளையும் மனத்தில் வைத்து அளக்கிற தொடர் என்பதால், இருபத்திரண்டு வயதில் நடந்த திருமணத்துக்கும் பொருந்தும். 'ஆஸ் எ சைல்ட்' அவ்வளவு தூரம் வராது. வயதைச் சொல்வதானால் 'அட் தி ஏஜ் ஆஃப் ஃபைவ்' என்பதோடு நிறுத்த வேண்டும். அதன் பின்னால் 'இயர்ஸ் ஓல்ட்' என்று ஒட்டுவது வகுப்பில் வாரந்தோறும் நான் சிவப்பு மையால் அடிக்கிற பிழை.

மரணத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. 1915இல் பிறந்த பர்மிய விடுதலைத் தலைவர் ஜெனரல் ஆங் சான், 1947 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 32. 'சின்ன வயதிலேயே போய்விட்டார்' என்று நாம் சொல்வதை, ஆங்கிலத்தில் 'ஹி டைட் யங்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 'ஏர்லி இன் லைஃப்' இங்கே ஒட்டாது; நிகழ்ச்சிக்குப் பிறகும் வாழ்க்கை நீண்டிருந்தால்தான் அந்தத் தொடர் பொருந்தும்.

'பிஞ்சிலே பழுத்தது' என்று நாம் சொல்வதற்குச் சற்றே நெருங்கிய சொல் 'ப்ரிகோஷஸ்'. அதன் இலத்தீன் வேருக்கும் முன்கூட்டியே பழுத்தது என்றுதான் பொருள். ஆனால் நம்முடையது பெரும்பாலும் வசை. ஆங்கிலச் சொல்லிலோ வியப்பும் கலந்திருக்கிறது. அதனால் ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்கும்போது யோசித்துச் செய்யுங்கள்.

[திரையில்: கரும்பலகை]

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த பிழை: "ஆஸ் எ சைல்ட், மை ஃபாதர் டுக் மீ டு பகோ." இதை எழுதிய பெண், தான் குழந்தையாக இருந்தபோது அப்பா பகோ நகருக்கு அழைத்துப்போனதைச் சொல்ல நினைத்தார். 'ஆஸ் எ சைல்ட்' என்று தொடங்கினால், அடுத்து வரும் எழுவாய்தான் குழந்தை. அவர் எழுதியபடி பார்த்தால், மகளைக் கைப்பிடித்துப் பகோவுக்குக் கூட்டிப்போன அப்பாவுக்கு அப்போது ஐந்தாறு வயதுதான் இருக்கும். "வென் ஐ வாஸ் எ சைல்ட்" என்று தொடங்கியிருந்தால் அப்பா அப்பாவாகவே இருந்திருப்பார்.