எந்த மரக்கால்? – நுண்ணுயிர்த் தரவுக்கு ஒரு பொது அளவு

அவையோருக்கு வணக்கம்.

மண்ணில் உள்ள நுண்ணுயிர்களின் மரபணு வரிசையைப் படிப்பது இன்று பெரிய காரியம் இல்லை. கால் கிராம் சேற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து அனுப்பினால் சில வாரங்களில் கோப்பு வந்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான். தஞ்சாவூரில் ஒரு குழு, திருவாரூரில் ஒரு குழு, நாகப்பட்டினத்தில் ஒரு குழு என மூன்று குழுக்கள் நெல்வயல் மண்ணை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகப் போக மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? மூன்று தரவையும் சேர்த்துப் பார்த்தால் பதில் கிடைக்க வேண்டும். கிடைக்காது. வரிசைகள் கோடிக்கணக்கில் இருக்கும். வயலில் எத்தனை நாளாகத் தண்ணீர் நின்றது என்ற ஒரு எண் இருக்காது.

வரிசையை மறுபடியும் படிக்கலாம், காசுதான் செலவு. அன்றைய வயலை மறுபடியும் கொண்டுவர முடியாது. ஆகவே எல்லாரும் ஒரே விவரங்களை ஒரே முறையில் எழுதும் பொதுத் தரம் என்று நான் சொல்வது கணினி அறையில் தொடங்கும் வேலை இல்லை, வரப்பில் தொடங்கும் வேலை.

இந்தத் தஞ்சாவூருக்கு இது புதிய சங்கதியும் இல்லை. பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எடை மட்டும் இருக்காது. ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்தது என்று இருக்கும். நகைக்கு வேறு கல், தக்ஷிணமேருவிடங்கன். நெல்லை அளக்க ஆடவல்லான் என்னும் மரக்கால், அது ராஜகேசரி மரக்காலோடு ஒக்கும் என்று ஒப்பீடும் உண்டு. நகையை நிறுக்கும்போது சரடு, சட்டம், செப்பாணி எல்லாம் நீக்கி நிறுத்ததா என்பதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மதிப்பு, அளந்த கருவி, எதை விலக்கி அளந்தோம் என்ற மூன்றும் கல்லில் இருக்கின்றன. மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய விவரம், என்று நாம் கேட்பதும் இந்த மூன்றைத்தான்.

உலக அளவில் இதற்கு அடித்தளம் போட்டாகிவிட்டது. 2005-இல் மரபணுத் தரவுக்குத் தரம் வகுக்கும் ஜீனோமிக் ஸ்டாண்டர்ட்ஸ் கன்சார்டியம் என்ற கூட்டமைப்பு உருவானது; 2011-இல் மிக்ஸ் என்ற குறைந்தபட்சத் தகவல் பட்டியல் வந்தது. எந்த மாதிரியானாலும் எடுத்த நாள், இடம், அட்சரேகை தீர்க்கரேகை, சூழலைக் குறிக்கும் மூன்று சொற்கள் வேண்டும். அந்த மூன்று சொற்களைப் பெரியதிலிருந்து சிறியதற்கு எழுத வேண்டும்: பயிர்நிலம், நெல்வயல், மண். சொல்லையும் நம் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது. என்வோ என்ற சொற்பட்டியலில் உள்ள எண்ணோடு எழுத வேண்டும். மண்ணுக்கு அதில் 00001998. ‘வண்டல்’ என்று ஒருவரும் ‘களி’ என்று ஒருவரும் எழுதினாலும் எண் ஒன்றாக இருந்தால் கணினி சேர்த்துக்கொள்ளும். களித்தன்மை எவ்வளவு என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் மண்ணுக்கான விருப்பக் கட்டங்கள் நீண்டுகொண்டே போகும். முழங்கால் சேற்றில் நிற்கிறவர் அதை நிரப்ப மாட்டார். நமக்கு வேண்டியது இருபத்தைந்து கட்டத்துக்கு மேல் போகாத ஒரு டெல்டா படிவம். அதில் எங்கெங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

முதலில் தேதி. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதை 12/06 என்று எழுதினால் அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி டிசம்பர் 6 என்று படிக்கும். குறுவை நாற்றங்கால் மண், வடகிழக்குப் பருவமழையில் நிற்கும் சம்பா மண்ணாக மாறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-06-12 என்று எழுதினால் குழப்பமே இல்லை.

அடுத்து இடம். தஞ்சாவூர் ஏறக்குறைய 10.79 வடக்கு, 79.14 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். அது பரவாயில்லை, வரைபடத்தில் போட்டதும் சிரித்துவிட்டுத் திருத்தலாம். 10 பாகை 47 கலை (டிகிரி, நிமிடம்) என்பதை 10.47 என்று எழுதுவதுதான் ஆபத்து. சரியான மதிப்பு 10.78. பிழை ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தெற்கே தள்ளும். புள்ளி ஒரத்தநாட்டையும் தாண்டி, கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில் நெல்வயல் நடுவே போய் விழும். பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கும். வண்டல் மண்ணின் தரவு செம்மண் பகுதிக் கணக்கில் சேர்ந்திருக்கும். நான்கு தசம இடம் எழுதினால் துல்லியம் சுமார் 11 மீட்டர். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல், அதற்குள் நம் ஊரில் இரண்டு வாய்க்கால் குறுக்கே போய்விடும். மாவட்டப் பெயரை மட்டும் நம்பவே வேண்டாம். 1991-க்கு முந்தைய ‘தஞ்சாவூர் மாவட்ட’ மாதிரி இன்றைய நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ இருக்கலாம்.

வெற்றுக் கட்டமும் பூஜ்ஜியமும் ஒன்றல்ல. நின்ற நீரின் ஆழம் 0 என்றால் வயல் வடிந்திருந்தது என்று பொருள். வெறுமையாக விட்டால் அளக்கவில்லை என்றா, மறந்தோம் என்றா? அளக்கவில்லை, பொருந்தாது, பகிர அனுமதி இல்லை என்ற சொற்களில் ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். மாதிரிக்கு வைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். மருங்குளத்து ஐந்தாம் மாதிரி என்பதற்காக ஆங்கிலத்தில் எம்.ஏ.ஆர். போட்டு 5 சேர்த்தால், எக்செல் அதை மார்ச் 5 ஆக்கிவிடும்.

இனி வயலுக்கு வருவோம். நெல்வயல் மண் மற்ற மண்ணைப் போல இல்லை. தண்ணீர் கட்டிய ஒன்றிரண்டு நாளில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி, கடைசியில்தான் மீத்தேனுக்கு வரும். ஆகவே ‘நட்டு எத்தனை நாள்’ என்பதோடு ‘தண்ணீர் கட்டி எத்தனை நாள், நடுவில் காய்ந்ததா’ என்பதும் வேண்டும். முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் பக்கத்துப் பக்கத்து வயல்களில்கூட இது வேறாக இருக்கும். வேதாரண்யம் பக்கம் கடல்நீர் ஏறிய மண்ணில் சல்பேட் மிகுதி, அது மீத்தேன் உண்டாவதை அடக்கும். அங்கே உப்புத்தன்மை எழுதாத மாதிரி பாதி மாதிரிதான். உப்புத்தன்மையை எழுதும்போதும் மண்ணுக்கு நீர் எந்த விகிதத்தில் கலந்து அளந்தது என்று சேர்க்க வேண்டும். 1:2.5 கரைசலில் வரும் எண்ணும், குழைத்த சேற்றின் சாற்றில் வரும் எண்ணும் வேறு வேறு.

குழாயைச் செருகி எடுத்த மண்ணை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு, அதற்குக் கீழே சாம்பல். வேரைச் சுற்றி மெல்லிய துருக்கோடு ஓடும். பழுப்பில் மீத்தேனை உண்ணும் நுண்ணுயிர்கள், சாம்பலில் அதை உண்டாக்குபவை. மண் பரிசோதனைக்குச் செய்வதுபோல 15 செ.மீ. வரை வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்துக் கழித்தால் இந்த அடுக்கு எல்லாம் ஒன்றாகிவிடும். கலப்பது தவறு இல்லை. எத்தனை இடம், எந்த ஆழம், வேரோடா வேர் நீக்கியா, வரப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதாமல் கலப்பதுதான் தவறு. நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலிக்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். உலரும் நாட்களிலேயே காற்றில்லாச் சூழலுக்கான கூட்டம் மாறத் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே மைனஸ் 80 பாகைக் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது என்பதற்கும் ஒரு கட்டம். குழாயின் மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறும். மார்க்கர் மை எத்தனால் பட்டால் கரையும். பக்கவாட்டுச் சீட்டில் பென்சிலே உத்தமம்.

விவசாயி சொல்லும் விவரம் அடுத்தது. ‘மாவுக்கு அரை மூட்டை யூரியா’ என்பார். தஞ்சைக் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா. யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்தது, 2018-இல் 45 கிலோ ஆனது. அந்த அரை மூட்டையின் தழைச்சத்து பழைய மூட்டையில் ஹெக்டேருக்கு 86 கிலோ, புதிய மூட்டையில் 77 கிலோ. ஆகவே அவர் சொன்னதைச் சொன்னபடியே ஒரு கட்டத்திலும், நாம் மாற்றிய எண்ணை அடுத்த கட்டத்திலும் எழுத வேண்டும். மாற்றிய எண்ணை மட்டும் வைத்தால் பிழையைப் பின்னால் பிடிக்கவே முடியாது. ரகத்துக்கும் இதே கதை: ஆடுதுறை 43, ஏ.டி.டி. 43, ஏடிடி-43 மூன்றும் கணினிக்கு மூன்று நெல். சி.ஆர். 1009-ஐ நாம் பொன்மணி என்போம். பெயர்ப்பட்டியலை ஒருமுறை முடிவு செய்து, தட்டச்சு செய்ய விடாமல் தேர்ந்தெடுக்க மட்டும் விட வேண்டும்.

ஆய்வகத்தில் மூன்று இடம் முக்கியம். கால் கிராம் ஈரச் சேற்றை எடுக்கிறோம். அதில் பாதி தண்ணீர் என்றால் மண் 0.125 கிராம்தான். 105 பாகையில் 24 மணி நேரம் உலர்த்தி ஈரப்பதம் எழுதாவிட்டால் ‘ஒரு கிராமுக்கு இத்தனை மரபணுப் பிரதிகள்’ என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. இரண்டாவது பிரைமர், அதாவது படிக்க வேண்டிய மரபணுத் துண்டைப் பிடித்துப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டு. நுண்ணுயிர்களை அடையாளம் காணப் படிக்கும் 16எஸ் மரபணுவின் நான்காம் மாறுபகுதிக்கான 515எஃப் என்ற பெயரில் பழையதும் உண்டு, திருத்தியதும் உண்டு. நான்காவது எழுத்து மட்டும் ‘சி’யிலிருந்து, ‘சி அல்லது டி’யைக் குறிக்கும் ‘ஒய்’ ஆனது; பழையது அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைக் குறைத்துக் காட்டும். பெயரை எழுதினால் போதாது, முழு வரிசையையும் எழுதுங்கள். மூன்றாவது, பல மாதிரிகளை ஒன்றாக ஓட்டும் தட்டு. குறுவை மாதிரிகள் எல்லாம் ஒரு தட்டிலும் சம்பா மாதிரிகள் எல்லாம் இன்னொரு தட்டிலும் ஓடினால், தெரிவது பருவ வேறுபாடா தட்டு வேறுபாடா என்று எந்தப் புள்ளியியலும் பிரித்துச் சொல்லாது. கலந்து வைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் மண்ணே போடாத ஒரு வெற்றுக் குழாய், இன்னின்ன இனம் இவ்வளவு என்று தெரிந்த ஒரு கலவை, இரண்டும் இருக்க வேண்டும். டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டிலேயே அந்நிய டி.என்.ஏ. இருக்கும், எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) என்று குறித்தால்தான் அதை அடையாளம் காணலாம்.

பாக்டீரியாப் பெருந்தொகுதிகளின் பெயர்களும் நிலையாக இல்லை. ஃபர்மிக்யூட்ஸ் 2021-இல் பேசிலோட்டா ஆனது, புரோட்டியோபாக்டீரியா சூடோமொனடோட்டா ஆனது. ஒப்பிட்ட தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணை எழுதி, மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்தால் எந்தப் பெயரையும் திரும்பக் கணக்கிடலாம். வைக்கும் இடமும் இப்போது பக்கத்தில்தான்: ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 முதல் இருக்கிறது.

விவசாயியின் வயல் புள்ளியை நான்கு தசமத்தோடு உலகத்துக்குக் காட்ட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. அவர் தெளித்த மருந்து, விளைச்சல் எல்லாம் அதே வரியில் இருக்கிறது. துல்லியமான புள்ளி நம்மிடம், இரண்டு தசமம் பொதுவில் என்று வைத்து, சுருக்கியிருப்பதைக் கட்டத்திலேயே சொல்லிவிடலாம். தமிழில் எழுதிய ஒப்புதல் சீட்டில் இதற்குத் தனி வரி வேண்டும்.

ஒரு சச்சரவு பாக்கி இருக்கிறது. நின்ற நீரின் ஆழத்தை மடைவாயிலில் அளப்பதா, மாதிரி எடுத்த இடத்திலா? மடைவாயில் என்றால் ஒரே அளவு, வேலை சுலபம். ஆனால் சமன் செய்யாத வயலில் மூலைக்கு மூலை சில செ.மீ. மாறும், பள்ளத்தில் தண்ணீர், மேட்டில் வெறும் ஈரம். மாதிரி எடுத்த ஒவ்வொரு இடத்திலும் மரக்கோல் வைத்து அளக்க வேண்டும் என்பதே என் கட்சி. பிற்பகல் அமர்வில் படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தை எடுக்கும்போது எதிர்க்கட்சிக்காரர்கள் வாருங்கள், பேசி முடிவு செய்து பதிப்பு எண் 1 என்று போடுவோம்.