ஏட்டிலா? பாட்டிலா? பாட்டிலேதான்!

வணக்கம். நடுவர் அய்யா, எதிரணி, நம்ம அணி, பொங்கல் சாப்பிட்டு முடிச்சவங்க, இன்னும் வடைக்கு வரிசையில நிக்கிறவங்க, எல்லாருக்கும் ஒரே வணக்கம். குடுத்திருக்கறது பத்து நிமிஷம். வணக்கம் சொல்லியே மூணு நிமிஷத்தைத் தின்னுட்டு அப்புறம் நேரம் பத்தலைன்னு புலம்பற ஆள் நான் இல்ல.

தலைப்பு என்ன? "இங்கிலாந்தின் முல்லைக் கவிதை இன்றும் வாழ்வது ஏட்டிலா, பாட்டிலா?" அய்யா இதை மைக்ல படிச்சப்ப ஒண்ணு கவனிச்சேன். 'பாட்டிலா'ன்னு வாயைத் திறந்ததும் கடைசி வரிசையில சாஞ்சு கிடந்த ரெண்டு அண்ணனுங்க டக்குன்னு நிமிர்ந்து உக்காந்தாங்க. அண்ணே, அது பாட்டு. பாட்டில் இல்ல. திரும்பச் சாஞ்சுக்கலாம்.

அதென்ன முல்லைக் கவிதை? நமக்குக் காடும் காடு சார்ந்த இடமும். இவங்களுக்குப் புல்லும் புல் சார்ந்த இடமும். ஆடு, இடையன், மேடு, ஓடை, காத்திருக்கிற பொண்ணு. பெரும்பாலும் எழுதினவர் லண்டன்ல ஒரு வாடகை ரூம்ல உக்காந்திருப்பார், அது வேற விஷயம்.

எதிரணி அக்கா நல்லாப் பேசினாங்க. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில என் பொண்ணுக்கு டீச்சர், அதனால நல்லாப் பேசினாங்கன்னுதான் நான் சொல்லியாகணும். தாமஸ் கிரே 1751ல வெளியிட்ட இரங்கற்பாவைச் சொன்னாங்க, வேர்ட்ஸ்வொர்த்தைச் சொன்னாங்க. கடைசியில என்னைப் பார்த்து ஒண்ணு விட்டாங்க: "கவிஞர் ஆடு வளர்த்தார். இசைக்காரங்க அதை வெட்டி பிரியாணி போட்டுட்டாங்க. தம்பி அந்த பிரியாணியைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டே, ஆடு உயிரோட இருக்குன்னு வாதாட வந்திருக்கார்."

கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல். என் வீட்டுக்காரம்மாவும் தட்டினாங்க. அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறோம்.

நான் ஏழு பாயிண்ட் எழுதிட்டு வந்தேன். ரெண்டை மட்டும் வேகமாச் சொல்லிடறேன். மிச்ச நேரம் முழுக்க பிரியாணிதான்.

முதல் பாயிண்ட், வில்லியம் பிளேக். 1804 வாக்குல எழுதின பதினாறு வரி. இங்கிலாந்தோட மேய்ச்சல் நிலத்துல தெய்வ ஆட்டுக்குட்டி நடந்துச்சான்னு கேக்கற கவிதை. நூறு வருஷத்துக்கு மேல ஏட்டுல கிடந்துச்சு, பெருசா யாரும் சீந்தல. 1916ல ஹியூபர்ட் பாரி மெட்டுப் போட்டார். வோட்டுரிமைக்குப் போராடின பெண்கள் அதைத் தங்களோட பாட்டா எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு டெஸ்ட் மேட்ச்ல பீர் கையோட நிக்கறவன் அதைக் கண்ணை மூடிக்கிட்டுப் பாடறான். அவன்கிட்ட பிளேக் யாருன்னு கேட்டா எந்த கவுண்ட்டிக்கு ஆடினார்னு கேப்பான்.

ரெண்டாவது பாயிண்ட், வானம்பாடி. ஜார்ஜ் மெரிடித் 1881ல எழுதினது, 122 வரி. இந்த ஹால்ல அதை முழுசாப் படிச்சவங்க கை தூக்குங்க. அக்கா, நேத்து ராத்திரி படிச்சது கணக்குல வராது. அதை வெச்சு வான் வில்லியம்ஸ்ங்கற இசையமைப்பாளர் வயலினுக்கு ஒரு இசை எழுதினார். 1920ல பிரிஸ்டல் பக்கத்துல ஒரு ஊர்ப் பொது மண்டபத்துல முதல்ல வாசிச்சாங்க. இன்னிக்கு கிளாசிக் எஃப்எம் நேயர்கள் ஓட்டுப் போடற பட்டியல்ல பல வருஷம் அதுதான் முதலிடம். 122 வரியில ஒரு வரிகூட வாய்ல வராது, அந்தப் பறவை மட்டும் காதுல பறக்குது.

சரி. பிரியாணிக்கு வருவோம்.

வெட்டினாங்கன்னு பழி போட்டீங்களே அக்கா, வெட்டினவர் யாருன்னு எனக்குத் தெரியும். அதே வான் வில்லியம்ஸ்தான். யாரோட ஆடு? கவிஞர் ஹவுஸ்மன் ஆடு. அவர் லத்தீன் பேராசிரியர். 'ஷ்ராப்ஷயர் லாட்', அதாவது ஷ்ராப்ஷயர் கவுண்ட்டிப் பையன்னு 63 கவிதை எழுதி, 1896ல தன் கைக்காசைப் போட்டு வெளியிட்டார். ஷ்ராப்ஷயர்ல பொறந்தவரான்னா இல்ல. பக்கத்து கவுண்ட்டி. சின்ன வயசுல மேற்குப் பக்கம் தொடுவானத்துல அந்த மலைங்க தெரியும், அவ்வளவுதான்.

இதுல ஒரு கூத்து. ஹியூலிங்கற ஊரோட சர்ச் கோபுரம், அதோட உச்சியில காத்துத் திசைகாட்டி மின்னுதுன்னு ஒரு கவிதையில எழுதிட்டார். நான் பஸ் ஓட்டறவன். ஒரு லீவு நாள்ல வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்தக் கோபுரத்தைப் பார்க்கப் போனேன். ஒத்தையடி ரோடு, எதிர்ல டிராக்டர் வந்தா முக்கால் மைல் ரிவர்ஸ்ல வரணும். போய்ப் பார்த்தா பள்ளத்துல ஒரு குட்டி சர்ச், தலையில மரத்துல ஒரு மணிக்கூண்டு. கோபுரத்தைக் காணோம். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! அப்புறம் படிச்சேன், இதையே அவர் தம்பி போய்ப் பார்த்துட்டு வந்து கேட்டிருக்கார். அண்ணன் சொன்ன பதில்: நான் நினைச்சு எழுதினது வேற ஊரு, அந்த ஊர்ப் பேரு நல்லா இல்ல, அதனால இந்தப் பேரைப் போட்டேன். அக்கா, ஏடு பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களே, வாங்க, எங்க பஸ்லயே கூட்டிக்கிட்டுப் போறேன்.

இப்ப அந்த வெட்டுக்கு வர்றேன். அதே தொகுப்புல ஒரு கவிதை. ஏர் ஓட்டின பையன் ஒருத்தன் செத்துட்டான். மண்ணுக்குள்ள கிடந்துக்கிட்டு, மேல இருக்கற சிநேகிதன்கிட்ட கேள்வி கேக்கறான். "என் ஏர் ஓடுதாடா? சேண மணி சத்தம் கேக்குதா?" சிநேகிதன் சொல்றான்: "ஓடுது, குதிரைங்க நடக்குது. நீ உழுத மண்ணுக்குக் கீழ நீ கிடக்கறதால ஒண்ணும் மாறிடல." அடுத்து, "ஆத்தங்கரையில ஃபுட்பால் ஆடறானுவளா?" "ஆடறானுவ." அடுத்து, "என் பொண்ணு எப்படி இருக்கா? அழுது அழுது ஓஞ்சுட்டாளா?" "அவ அழல. நிம்மதியாத் தூங்கறா. நீயும் தூங்கு." கடைசிக் கேள்வி. "நீ எப்படிடா இருக்கே? என்னோடதைவிட நல்ல படுக்கை கிடைச்சுதா உனக்கு?" அதுக்கு அவன் சொல்றான், "நல்லாத்தான்டா படுத்திருக்கேன். செத்துப்போன ஒருத்தனோட காதலிக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்கேன். யாரோட காதலின்னு மட்டும் கேக்காதே."

புரிஞ்சவங்க சிரிக்கறீங்க. புரியாதவங்க பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேக்காதீங்க. அவங்க சிநேகிதன் யாருன்னு நமக்குத் தெரியாது.

வான் வில்லியம்ஸ் 1909ல இதுக்கு இசை அமைச்சப்ப, நடுவுல ஃபுட்பால் வர்ற ரெண்டு பத்தியையும் தூக்கிட்டார். பேராசிரியருக்குக் கோபம்னா கோபம். பதிப்பாளருக்கு எழுதறார்: அவரோட இசையில ரெண்டு தாளக்கட்டை நான் வெட்டினா அவருக்கு எப்படி இருக்கும்? நியாயமான கேள்வி. வான் வில்லியம்ஸ் பின்னாடி சொன்ன பதிலைக் கேளுங்க. அந்த வரியை நிலைக்க விடாம காப்பாத்தினதுக்குக் கவிஞர் எனக்கு நன்றிதான் சொல்லணும்!

அப்படி என்ன வரி அது? "கோல் நிக்குது, கோல்கீப்பர் கோலைக் காக்க நிக்கறான்." அய்யா, கோல்கீப்பர் கோலைக் காக்க நிக்காம பின்ன காப்பிக்கா நிப்பான்? லத்தீன் பேராசிரியர், 63 கவிதையைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினவர், அதுல ஒரு வரி கமெண்ட்ரி!

இப்பச் சொல்லுங்க. பிரியாணி போடறவன் ஆட்டை அப்படியேவா அண்டாவுல இறக்குவான்? கொம்பையும் குளம்பையும் கழிக்க மாட்டானா? கொம்பை எடுத்ததுக்குக் கொலைக் கேஸ் போடறாங்க அக்கா. அவர் கழிச்சதுக்கு அப்புறம் மூணே கேள்விதான் மிச்சம். என் ஏரு, என் பொண்ணு, என் சிநேகிதன். ஒண்ணுக்கொண்ணு நெருங்கி நெருங்கி வருது. நடுவுல பந்து இல்ல. கத்தி நேரா இறங்குது. வீட்டுக்காரம்மா, இப்பத் தட்டலாம்.

மணி அடிச்சிட்டீங்க அய்யா. ஒரு நிமிஷம். முன்னாடி பேசினவருக்கு ரெண்டு நிமிஷம் கூடக் குடுத்தீங்க, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இதே கவிதைக்கு இன்னொருத்தரும் மெட்டுப் போட்டார். ஜார்ஜ் பட்டர்வொர்த். ஊர் ஊராப் போய் நாட்டுப் பாட்டு சேகரிச்சவர். 1912ல எடுத்த ஒரு சின்னப் படச்சுருள் இருக்கு, அதுல வெள்ளைச் சட்டை போட்டு, காலுக்கு மணி கட்டி, மாரிஸ்ங்கற இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டம் ஆடறார். சத்தம் கிடையாது, மணி குலுங்கறது கண்ணுக்கு மட்டும் தெரியும். அவர் போட்ட மெட்டுல ஃபுட்பாலை வெட்டல. எட்டுப் பத்தியும் இருக்கு. ஆமாம் அக்கா, இது உங்களுக்குச் சாதகமான பாயிண்டுதான், எடுத்துக்கங்க.

ஒரு நாள் விடிகாலை நாலரை மணி, டிப்போவுக்குப் போற வழியில கார் ரேடியோவுல அதை முதல்ல கேட்டேன். செத்தவன் குரல் மேல் ஸ்தாயியில, மூச்சு மாதிரி வருது. உயிரோட இருக்கறவன் குரல் கணீர்னு, கொஞ்சம் அதிகமாவே கணீர்னு வருது. குத்தம் இருக்கறவன் அப்படித்தான் சத்தமாப் பேசுவான், நம்ம வீட்லயே பார்த்திருக்கோம். கடைசியில பாடறவர் நிறுத்திட்டார். பியானோ மட்டும் செத்தவனோட சுரத்துக்கே திரும்பிப் போய், முடியாமலே நின்னுடுச்சு. நான் சிக்னல் பச்சை ஆனதுகூடத் தெரியாம நின்னேன். பின்னாடி ஆர்ன் அடிக்கக்கூட ஆள் இல்ல.

அந்த மெட்டு வெளிவந்தது 1911. அஞ்சு வருஷம் கழிச்சு, 1916 ஆகஸ்ட் 5, முதல் உலகப் போர்ல, பிரான்ஸ்ல இருந்த சோம் போர்முனையில பட்டர்வொர்த்தைச் சுட்டுட்டாங்க. வயசு 31. உடம்பு கிடைக்கல. அங்க இருக்கற தியப்வால் நினைவுச் சின்னத்துல பேரு மட்டும் இருக்கு. மண்ணுக்குள்ள இருந்து கேள்வி கேக்கற பையனுக்கு மெட்டுப் போட்டவர், மண்ணுக்குள்ளயே போயிட்டார்.

அய்யா, தலைப்பை விட்டுட்டேன்னு தெரியுது. மார்க் குறைச்சுக்கங்க.

அந்தப் பாட்டைக் கேட்டதுக்கு அப்புறம்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. செத்தவன் கேக்கற கேள்வி எல்லாம் நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப்ல கேக்கற கேள்விடா! நான் மன்னார்குடி பக்கம். இங்க வந்து பத்தொன்பது வருஷம். கூடப் படிச்சவன் ஒருத்தன் ஊர்லயே இருக்கான். எங்க பெரிய வயலை அண்ணன் வித்துட்டார்னு தெரியும். யாருக்கு வித்தார்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் கேட்டதில்ல.

போகி அன்னிக்குப் பேசினேன். "சம்பா அறுப்பு ஆச்சாடா?" "ஆச்சுடா, இந்த வருஷம் விளைச்சல் நல்லா கண்டுச்சு." "திடல்ல பசங்க கிரிக்கெட் ஆடறானுவளா?" "ஆடாம? நேத்துகூட எங்க ஓட்டை உடைச்சுட்டானுவ." வான் வில்லியம்ஸ் அய்யா, நீங்க எவ்வளவு பெரிய மேதையா வேணா இருங்க, இந்தக் கேள்வியை மட்டும் வெட்டாதீங்க. அதைக் கேக்கறப்பதான் எனக்கு மூச்சு வருது.

அப்புறம் வாய் தவறிக் கேட்டுட்டேன்.

"எங்க பெரிய வயலை இப்ப யாருடா உழறா?"

லைன்ல சத்தமே இல்ல. கட் ஆயிடுச்சோன்னு போனைப் பார்த்தேன், நொடி ஓடிக்கிட்டிருக்கு. பின்னால எங்கயோ மாட்டுக் கழுத்து மணி சத்தம் கேட்டுச்சு.

"அங்க ரொம்பக் குளிராடா?"ன்னு கேட்டான்.

"ஆமாண்டா, குளிருதான்"னேன்.