ஓநாயின் வாய்க்குள் ஒரு வாழ்த்து

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தை இத்தாலிய மொழிக்குக் கொண்டுபோவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஒரு பரீட்சை நாளிலிருந்து தொடங்குகிறேன்.

ஆங்கிலக் கதை ஒன்றில் ஒரு பெண் பரீட்சைக்குக் கிளம்புகிறாள். தோழி ‘குட் லக்’ என்கிறாள். அகராதியைப் புரட்டினால் ‘புவோனா ஃபொர்த்தூனா’ என்று இருக்கும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இத்தாலியில் தோழி வாயில் வருவது ‘இன் போக்கா அல் லூப்போ’. ஓநாயின் வாய்க்குள் என்று பொருள்! நல்லதை நேராகச் சொன்னால் காரியம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், கெட்டதைச் சொல்லி நல்லதை வேண்டுகிறார்கள்.

அதோடு முடியவில்லை. வாழ்த்துப் பெற்றவள் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் ராசியில்லை என்பார்கள். ‘க்ரேப்பி’ என்று சொல்ல வேண்டும். ஓநாய் சாகட்டும் என்று அர்த்தம். அப்படியானால் ஆங்கிலத்தில் அடுத்த வரியில் இருக்கும் ‘தேங்க்ஸ்’ என்ன ஆவது? அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போது பலர் ‘வீவா இல் லூப்போ’, ஓநாய் வாழட்டும் என்கிறார்கள். தாய் ஓநாய் குட்டியை வாயில் கவ்வித்தானே பத்திரமாகத் தூக்கிப் போகிறது என்பது அவர்கள் கேள்வி. ஆக, அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் ஒற்றை வார்த்தைப் பதிலைக்கூட எழுத முடியாது. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே இதனால்தான். அந்த இடத்தில், அந்த ஆள் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேக்கைத் தின்னவும் வேண்டும், அது கையில் மிச்சமும் இருக்க வேண்டும் என்று நினைப்பவரை ஆங்கிலம் கண்டிக்கிறது. இத்தாலியர் அதையே, பீப்பாய் நிறைய ஒயினும் இருக்க வேண்டும், மனைவிக்குப் போதையும் ஏறியிருக்க வேண்டும் என்பார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் ஒரு கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்கிறார். இத்தாலியர் ஓர் அவரைக் கொட்டையைப் போட்டு இரண்டு புறாக்களைப் பிடிக்கிறார். நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம்.

இவையெல்லாம் விசித்திரமாக இருப்பதால் நாமே உஷாராகிவிடுவோம். ஆபத்து, முகஜாடை ஒன்றாக இருக்கும் சொற்களில்தான். சரக்கு தாமதமானாலும் கடைசியில் வந்து சேரும் என்பதற்கு ஒரு கடிதத்தில் ‘ஈவென்ச்சுவலி’ என்று இருக்கிறது. ‘எவென்துவால்மென்தே’ என்று பெயர்த்தால், வந்தாலும் வரலாம் என்று ஆகிவிடும். படிக்கிற வியாபாரி பணத்தை நிறுத்திவைப்பார். ‘பரேன்தி’ என்றால் உறவுக்காரர்கள், பெற்றோர் ‘ஜெனித்தோரி’. ‘லிப்ரெரீயா’ புத்தகக் கடை, நூலகம் இல்லை.

அப்புறம், தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘ஐ லைக் இட்’ என்பதில் ஆங்கிலேயர் ‘நான்’ என்று தொடங்குகிறார். இத்தாலியர் ‘மி பியாச்சே’ என்கிறார். நம்முடைய ‘எனக்குப் பிடிக்கும்’ அப்படியே நிற்கிறது! தலை வலிக்கிறது என்பதையும் அங்கே ‘எனக்கு’ என்று சொல்லலாம். ஆங்கிலேயர் மெனக்கெட்டுப் பழக வேண்டிய இந்த அமைப்பு நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது ‘யூ’ என்ற சின்னச் சொல். இத்தாலியத்தில் நெருக்கமானவருக்குத் ‘தூ’, மரியாதைக்கு ‘லேய்’. 1938இல் முசோலினியின் ஆட்சி இந்த ‘லேய்’ கூடாது, ‘நீங்கள்’ என்பதற்கான இன்னொரு சொல்லான ‘வோய்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆட்சி போனது, ‘லேய்’ நிலைத்தது. மனிதர்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் சொல்லாயிற்றே, உத்தரவுக்கா அடங்கும்?

ஆங்கில நாவலில் அலுவலகத்தில் பழகும் இருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ‘யூ’ என்றே பேசிக்கொள்கிறார்கள். இத்தாலியத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் ‘லேய்’ உதிர்ந்து ‘தூ’ வர வேண்டும். ‘என்னை ஜான் என்றே கூப்பிடுங்கள்’ என்று ஒருவர் சொல்கிற இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கே ‘தியாமோச்சி தெல் தூ’ என்று எழுதிவிடலாம். வாங்க போங்க எல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்வோமே, அதுதான். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் முழு நாவலையும் படித்துவிட்டு, இவர்கள் எந்தப் பக்கத்தில் நண்பர்கள் ஆனார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்ட பிறகே நான் முதல் வரியைத் தொடங்குவேன்.