யாத்திராகமம் 1947

வணக்கம் நேயர்களே. ஒரு படகுக் கதை சொல்லட்டுமா? படகு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பிரெசிடென்ட் வார்ஃபீல்ட்’ பெருங்கடலுக்காகக் கட்டப்பட்டதே இல்லை. அமெரிக்காவில் பால்டிமோருக்கும் நார்ஃபோக்குக்கும் நடுவே, செசபீக் விரிகுடாவில், சில நூறு பேரை ராத்திரி ஏற்றிக் காலையில் இறக்கிவிடுகிற சொகுசுப் படகு. இரண்டாம் உலகப் போரில் உழைத்து ஓய்ந்து, பழைய இரும்பு விலைக்கு வந்ததை, ஹகானா என்ற யூத ரகசியப் படையின் ஆட்கள் வாங்கினார்கள்.

எதற்கு? போர் முடிந்தும் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி முகாம்களில் சுமார் 2,50,000 யூதர்கள் கிடந்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்பலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: 1946 ஜூலையில் போலந்தின் கியெல்ட்சே நகரில், நாஜிகளின் படுகொலையிலிருந்து தப்பிய யூதர்களையே கும்பல் அடித்துக் கொன்றது, 40 பேருக்கும் மேல். பாலஸ்தீனமோ பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மாதம் 1,500 பேருக்குத்தான் அனுமதி. மீதிப் பேர் திருட்டுத்தனமாகக் கடலேற வேண்டியதுதான். பிடிபட்டவர்களை 1946 ஆகஸ்டிலிருந்து சைப்ரஸ் தீவில் முள்வேலிக்குள் அடைத்தார்கள்.

1947 ஜூலை 11. பிரான்ஸின் செத் துறைமுகத்திலிருந்து அந்தப் படகு கிளம்புகிறது. உள்ளே சுமார் 4,500 பேர், போவது பாலஸ்தீனத்துக்கு, கையில் கொலம்பியா விசா! கேப்டனுக்கு 23 வயது. படகின் அடிப்பகுதி தட்டையானது, ஆழமில்லாத நீரிலும் போகும், போர்க்கப்பல்கள் பின்தொடர முடியாத இடத்தில் கரைமேல் ஏற்றிவிடலாம் என்பது திட்டம். பிரிட்டிஷ்காரர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 18ஆம் தேதி விடிவதற்கு முன்பே, பாலஸ்தீன எல்லை நீருக்கு வெளியே, போர்க்கப்பல்கள் வந்து மோதின. இவர்கள் உருளைக்கிழங்கையும் தகர டப்பாவையும் எறிந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பயணத்தில்தான் படகுக்கு ‘எக்ஸோடஸ் 1947’ என்று பெயர் மாறியிருந்தது. நம்மூர் பழைய பைபிளில் யாத்திராகமம் என்று இருக்கிறதே, எகிப்திலிருந்து யூதர்கள் வெளியேறிய கதை, அந்தப் புத்தகத்தின் பெயர்தான்.

எல்லோரும் இந்தச் சண்டையைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ அதற்கு அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பெவின், இவர்களுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும், சைப்ரஸ் வேண்டாம், புறப்பட்ட இடத்துக்கே அனுப்பு என்றார். பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகத்தில் பயணிகளை மூன்று கப்பல்களுக்கு மாற்றினார்கள். அந்த நேரம் பார்த்து பாலஸ்தீனப் பிரச்சினையை விசாரிக்க வந்திருந்த ஐ.நா. குழுவின் தலைவரே துறைமுகத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் இந்தியாவுக்கும் ஓர் இடம் இருந்தது, அது தனிக் கதை.

கப்பல்கள் பிரான்ஸின் போர் த பூக் துறைமுகத்துக்கு முன்னால் நங்கூரமிட்டன. பிரெஞ்சு அரசு சொன்னது: விரும்பி இறங்குகிறவர்கள் வரலாம், யாரையும் பிடித்துத் தள்ள மாட்டோம். சரி, இறங்குவார்கள் என்று காத்திருந்தார்கள். கோடை வெயில், இரும்புத் தளம், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள். நோயாளிகள் உட்படக் கொஞ்சம் பேர் இறங்கினார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் மூன்று வாரத்துக்கும் மேலாக அசையவில்லை. பட்டினிப் போராட்டமும் நடந்தது. ஆயுதத்தோடு வந்தால் பிரிட்டிஷாருக்குச் சமாளிக்கத் தெரியும், சும்மா உட்கார்ந்திருக்கிற ஆயிரக்கணக்கானவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாமல் எடுத்த முடிவு இருக்கிறதே, அதைவிட மோசமாக ஒன்றை யோசித்திருக்கவே முடியாது: அவர்கள் கட்டுப்பாட்டில் வேறு எங்கே இடமிருக்கிறது? ஜெர்மனியில்!

செப்டம்பர் 8. ஹாம்பர்க். இறங்க மறுத்தவர்களைத் தடியால் அடித்து இழுத்தார்கள். பிறகு ரயிலில் ஏற்றி, லூபெக் அருகே வேலி போட்ட முகாம்களுக்கு. ஜெர்மனியில், யூதர்களை, ரயிலில். போர் முடிந்து இரண்டே கால் வருஷம்தான் ஆகியிருந்தது. துறைமுகத்தில் நிருபர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1948 மே மாதம் இஸ்ரேல் உருவான பின்புதான் இவர்களில் பலரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். படகு ஹைஃபாவிலேயே கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1952இல் தீப்பிடித்து எரிந்துபோனது.