குறுவாளை உருவியது யார்?

நண்பர்களே, ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ரஷோமோன்’ படம் ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவாவின் ‘ரஷோமோன்’ சிறுகதையிலிருந்துதான் வந்தது என்று நினைத்துக்கொண்டே பலரும் ஒப்பிட உட்காருகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். 1915-இல் வந்த அந்தக் கதை படத்துக்குத் தந்தது சிதைந்த நகரவாசல், மழை, உடையைப் பறிக்கும் ஒரு கை, இவ்வளவே. காட்டில் போர்வீரன் ஒருவன் இறந்துகிடக்க, அவன் மனைவி, ஒரு கொள்ளைக்காரன் எனப் பலரும் வாக்குமூலம் தரும் கொலை வழக்கு, அகுதாகவாவே எழுதி 1922-இல் வந்த ‘தோப்புக்குள்’ கதையில் இருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டுத்தான் 1950-இல் வந்த படத்துக்குப் போக வேண்டும்.

‘தோப்புக்குள்’ கதையில் கதைசொல்லியே கிடையாது. ஏழு வாக்குமூலங்கள் மட்டும். விசாரிப்பவரின் கேள்விகள்கூட அச்சில் இல்லை. பதிலை வைத்து ஊகிக்கிறோம். படத்திலும் நீதிபதியின் முகமோ குரலோ இல்லை. சாட்சிகள் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். எழுத்தின் உத்தியைக் கேமராவுக்கு மாற்றியதில் இதைவிடச் சிறந்த இடம் படத்தில் இல்லை என்பேன்.

‘அவரவர் உண்மை அவரவருக்கு’ என்று சொல்லி இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். குறுவாள் எங்கே போகிறது என்று பாருங்கள். கதையில் கொள்ளைக்காரன் ‘நான் கொன்றேன்’ என்கிறான். மனைவியும் ‘நான்தான் கொன்றேன்’ என்கிறாள். செத்தவனின் ஆவியோ தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறது. கொலைப்பழியை யாரும் அடுத்தவர் தலையில் போடவில்லை! கடைசி வரிகளில் ஒரு கை அவன் நெஞ்சிலிருந்த குறுவாளை மெல்ல உருவுகிறது. யாருடைய கை? கதை சொல்லவில்லை.

படம் விறகுவெட்டியைக் காட்டுகிறது. கதையில் பிணத்தைக் கண்டதைச் சொல்லிவிட்டு ஒதுங்கும் அவனுக்குப் படம் இன்னொரு வாக்குமூலம் தருகிறது. கதையின் கொள்ளைக்காரன் 23-ஆவது வீச்சில் வீழ்த்தியதாகப் பெருமை பேசிய சண்டை, இவன் சொல்லும்போது எப்படி ஆகிறது பாருங்கள்: இருவருக்கும் கை நடுங்குகிறது, மூச்சு இரைக்கிறது, மண்ணில் தவழ்கிறார்கள். இதுதான் உண்மை என்று நம்பத் தோன்றும். ஆனால் குறுவாளை எடுத்ததை இவனும் மறைத்துவிட்டான். இந்த இடத்தில் படத்தின் கேள்வியே மாறுகிறது: நடந்தது எது என்பது போய், பொய் சொன்ன ஒருவனை இனி எப்படி நம்புவது என்றாகிறது.

வாசலில் கிடக்கும் கைக்குழந்தை சிறுகதைகள் இரண்டிலும் இல்லை. அதை ஒட்டுவேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கதையில் கிழவியின் உடையைப் பறித்த வேலைக்காரன் இருட்டில் மறைந்துவிடுகிறான். படத்தில் வாசலில் ஒதுங்கிய இன்னொருவன் பறிப்பது குழந்தையின் துணியை. பிறகு விறகுவெட்டி கை நீட்டும்போது, மிச்சத்தையும் பறிக்க வருகிறான் என்றெண்ணி, அங்கே இருக்கும் துறவி குழந்தையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். வீட்டில் ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் என்று அவன் சொன்ன பிறகே கொடுக்கிறார்.